வேலையும் விளையாட்டும் – வட்டவடையில் கற்ற பாடம்

(உறுப்பினர் குடும்பங்களின் வருடாந்திரச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அன்றாட வேலைகளை எப்படி ஆனந்தமாகச் செய்வது?" என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் உபன்யாசகன் இல்லை. முப்பத்தொரு வருஷம் பாங்கில் லெட்ஜரோடு குப்பை கொட்டியவன். ஆகையால் பார்த்ததையும் பட்டதையும் மட்டும் சொல்கிறேன். தப்பிருந்தால் க்ஷமிக்க வேண்டும்.

முதலில் பூண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில மாமிகள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது! நம்மில் பல அகங்களில் பூண்டு இன்னும் வாசற்படி தாண்டவில்லை. சில அகங்களில் பேரன் பேத்திகள் புண்ணியத்தில் கொல்லைப்புற வழியாக வந்துவிட்டது. அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. பூண்டைச் சாப்பிடுங்கோ என்று சொல்லவில்லை. பூண்டு கட்டுகிறவர்களைக் கொஞ்சம் பாருங்கோ என்றுதான் சொல்கிறேன்.

போன தை மாசம் நானும் என் சகதர்மிணியும் பெண்ணும் மூணாறு போயிருந்தோம். டீத் தோட்டம் பார்த்து அலுத்தவுடன், வண்டி ஓட்டி வந்த பையன், "வட்டவடை போலாம் சார், அங்கே எல்லாரும் நம்ம பாஷைதான்" என்றான். மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மாட்டுப்பெட்டி, குண்டளை தாண்டி டாப் ஸ்டேஷன் வருகிறது. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இந்த டாப் ஸ்டேஷனுக்கு வந்து, கம்பிவடத்தில் மலைக்குக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்ததாம். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தே போய்விட்டது. அதைத் தாண்டினால் பாம்பாடும் சோலை. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. காட்டைக் கடந்து வெளியே வந்தால், மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு மாதிரி வயல்கள். காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு. கேரளத்தின் இடுக்கி ஜில்லாதான்; ஆனால் தமிழ்தான் பேச்சு. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கோவிலூர் கடைத்தெருவில் டீ சாப்பிட இறங்கினோம். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஆறு பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த பூண்டின் மண்ணைத் தட்டி, வேரை நறுக்கி, தாளைச் சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல குளிர். மண் படிந்த விரல்கள். ஆனால் கொட்டகை பூராவும் சிரிப்பு! நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். ஒவ்வொருத்தியும் தன் கட்டுகளை "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவது நம் பக்கத்தில் நெல் அளக்கும்போது கேட்ட வழக்கம்தான். இருபது கட்டு முடிந்தவள் ஒரு விடுகதை போட வேண்டும். அடுத்தவள் இருபதை முடிப்பதற்குள் மற்றவர்கள் விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு டீ வாங்கித் தர வேண்டும். இதில் கட்டும் வேகமாக ஏறுகிறது, விடுகதையும் ஏறுகிறது!

அவர்களில் மூத்தவள், எழுபது வயசிருக்கும். "பாட்டி, அலுப்புத் தெரியாம வேலை செய்யறேளே" என்றேன். அவள் கை நிற்காமலே சொன்னாள்: "வாய் ஓடுனாத்தான் கை ஓடும் ஐயா. ஆனா சாயங்காலம் கூலி சரியா வரணும். அது வரலேன்னா வாயும் ஓடாது, கையும் ஓடாது."

என் ஆத்துக்காரி என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டேளா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் மலை ஏறினேன்.

அதற்கு ஆறு மாசம் முன்னால், ஆடி மாசத்தில், அவள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளை வெளிநாட்டில். பெண் வந்து பத்து நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளோ மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். மிஞ்சியது நான். அறுபத்தாறு வயசு வரையில் காபி டம்ளரை எடுத்து ஸிங்க்கில் போட்டதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தவன்.

முதல் வாரம் நரகம். பால் மூன்று நாள் பொங்கி அடுப்பில் வழிந்தது. வெண்டைக்காய்க் கறி பசையாகப் போயிற்று. அடிப்பிடித்த வாணலியைத் தேய்த்துக்கொண்டே, "இதெல்லாம் என் வேலையா?" என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போக வேண்டும் என்ற அவசரம். அவசரத்தில் கை நழுவும். நழுவினால் இன்னும் கோபம் வரும்.

மாறுதல் எப்படி வந்தது என்றால், ஞானத்தால் அல்ல, பாங்கு புத்தியால்! ஒரு நாள் காலை எம்.எஸ். அம்மாவின் விஷ்ணு சஹஸ்ரநாமம் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் அரை மணி நேரம். அது முடிவதற்குள் ஸிங்க் காலியாக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்தேன். கௌண்டரில் வவுச்சர்களைப் பிரிக்கிற மாதிரி, டம்ளர் டபரா ஒரு பக்கம், கரண்டிகள் ஒரு பக்கம், எண்ணெய்ப் பாத்திரம் கடைசியில் என்று பிரித்துக்கொண்டேன். பலச்ருதி வருவதற்குள் முடிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே முடிந்தது. பைசா சுத்தமாகக் கணக்கு டாலியானால் சாயங்காலம் ஒரு திருப்தி வருமே, அதே திருப்தி காலி ஸிங்க்கைப் பார்த்ததும் வந்தது!

பிறகு ரசம். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் வாயால் சொல்ல, நான் கையால் செய்தேன். "கொதிக்க விடாதீங்கோ, மேலே நுரை கட்டறச்சே இறக்கணும்" என்பாள். அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு நிமிஷத்தில் வேறு எந்த நினைப்பும் வராது. தியானம் என்று தனியாக உட்கார்ந்து நான் இத்தனை வருஷத்தில் சாதிக்காததை ரசச் சொம்பு சாதித்தது.

வாசலில் கோலம் நிற்கக் கூடாது என்றாள். மனைப் பலகையில் சாக்பீஸால் பழகி, முதல் நாள் நாலு புள்ளியில் ஆரம்பித்தேன். எதிர் ஃப்ளாட் குழந்தை, "தாத்தா, இது என்ன, சிலந்தியா?" என்று கேட்டது. நாலாவது வாரத்தில் ஏழு புள்ளி, இடைப்புள்ளி ஒன்று வரை சிக்குக் கோலம் வந்துவிட்டது. எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். ஒரு இடத்தில் தப்பினால் முழுசும் தப்பு.

கோலத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1970-களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிரிதிவாசனும், கோலம் போடும் முறையை ஆராய்ந்து, கணினி படம் வரைவதற்கான இலக்கண விதிகளோடு பொருத்திக் கட்டுரைகள் எழுதினார்கள். காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது ஒரு வேலை. அதன் கடைசியில் கணித மேதைகள் ஆராய்கிற ஒரு விளையாட்டைச் சேர்த்தாளே, அந்தப் பாட்டி யாரோ, அவளுக்கு ஒரு நமஸ்காரம்.

நம் பெரியவர்கள் எல்லா வேலையிலும் இப்படி ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். நெல் குத்தும்போது பாடுவதற்கு வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்து, ஊஞ்சல் பாட்டுகளோடு வள்ளைப்பாட்டும் இருக்கிறது. மாணிக்கவாசகர் அந்த வடிவத்தையே எடுத்து, வாசனைப் பொடி இடிக்கிற பாட்டாகத் திருப்பொற்சுண்ணம் பாடினார். உலக்கை சத்தத்தைக்கூட பகவானிடம் சேர்த்துவிட்டார். ஏற்றம் இறைக்கிறவர்களுக்கு ஏற்றப்பாட்டு, நாற்று நடுகிறவர்களுக்கு நடவுப்பாட்டு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏற்றப்பாட்டு பொழுது போக மட்டும் இல்லை. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டிலேயே ஓடும்.

மகாராஷ்டிரத்தில் நாமதேவர் அகத்தில் வேலை செய்த ஜனாபாய், திருகை சுற்றிக்கொண்டே பாண்டுரங்கனைப் பாடினாள் என்றும், அவனே வந்து கூட உட்கார்ந்து மாவரைத்தான் என்றும் சொல்வார்கள். அந்த நாட்டுக் கிராமப் பெண்கள் திருகை அரைக்கும்போது பாடிய ஓவிப் பாட்டுகளை, 1980-களிலிருந்து ஹேமா ராயிர்கரும், பிரான்ஸ் தேசத்தில் பிறந்து புனேயில் தங்கிவிட்ட கீ புவாத்தவானும் திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள்! அவற்றில் பக்தி மட்டும் இல்லை. புகுந்த வீட்டுக் கஷ்டம், பிறந்த வீட்டு ஏக்கம், பெண்ணாய்ப் பிறந்த துக்கம் எல்லாம் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து கல்லைச் சுற்றியவளுக்கு அந்தப் பாட்டுதான் துணை.

மேல்நாட்டாரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாலி சிக்சென்ட்மிஹாலி என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2021-இல் காலமானார். பெயரைச் சொல்வதே ஒரு வேலை! மனிதர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார். மனசு முழுசாக ஒன்றிய வேளைகள் ஓய்வில் இருந்ததைவிட வேலையில்தான் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் அதே ஜனங்கள், வேலையில் இருக்கும்போது, வேறு எங்காவது இருந்தால் தேவலை என்றும் எழுதினார்களாம்! 1990-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இப்படி மனசு ஒன்றுவதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறார். என்ன முடிக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சரியாக வருகிறதா இல்லையா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். வேலை நம் சாமர்த்தியத்துக்கு ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது.

வட்டவடையில் இருபது கட்டு என்பது முதல் நிபந்தனை. கட்டு கண் முன்னால் உயர்கிறது, அது இரண்டாவது. விடுகதை மூன்றாவது, கை பழகிப் போன வேலைக்கு அது கொஞ்சம் கஷ்டத்தைச் சேர்க்கிறது. அந்தப் பெண்கள் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

இத்தோடு முடித்தால் என் உரை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் முடிக்கக் கூடாது. அந்தப் பாட்டி சொன்னதில் இரண்டாம் பாதி பாக்கி இருக்கிறதே.

மாவுக்கட்டு பிரிக்கிற சமயம் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "வேலையை விளையாட்டா நினைச்சா ஒரு கஷ்டமும் இல்லை. இவ்வளவு நாள் இவ ஏன்தான் அலுத்துண்டாளோ!" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வந்தவர்கள் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, உங்களுக்கு இது ஆறு வாரம். பிடிக்கலேன்னா நிறுத்திக்கலாம்னு தெரிஞ்சு செய்யறேள். எனக்கு முப்பத்தெட்டு வருஷம். நன்னா இருந்ததுன்னு யாரும் சொல்லலே, உப்பு கூடினா மட்டும் எல்லாரும் சொன்னேள். நான் பாடிண்டுதான் செஞ்சேன். பாட்டு கேட்டுதா உங்களுக்கு?"

எனக்குப் பதில் இல்லை. அவள் பாடிக்கொண்டே சமைப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அது சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். சில நாள் சந்தோஷம். சில நாள் அது திருகைப் பாட்டு.

இது என் அகத்துக் கதை மட்டும் இல்லை. மத்திய சர்க்கார் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. செய்யாதவர்கள் இதில் சேர்த்தியே இல்லை. 2019-இல் இதே கணக்கு 299, 97 என்று இருந்தது. ஆக, ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கு ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. லெட்ஜர் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது டாலி ஆகாத கணக்கு.

வேலையை ஆனந்தமாகச் செய் என்று உபதேசம் செய்ய, அந்த வேலையில் பங்கு எடுத்துக்கொள்ளாதவனுக்கு யோக்கியதை இல்லை. கூலி என்றால் பணம் மட்டும் இல்லை. பங்கு ஒரு கூலி. ஓய்வு ஒரு கூலி. "இன்னிக்கு ரசம் பிரமாதம்" என்பதும் ஒரு கூலி. நம் அகங்களில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் வருகிறவர்களுக்கோ முதல் கூலி நியாயமான சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் லீவும்தான். அதைக் கொடுக்காமல் சிரித்த முகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

மகாபாரதம் வன பர்வத்தில் தர்மவியாதர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கௌசிகன் என்ற பிராமணன் தன் தபஸின் கோபத்தால் கொக்கை எரித்துவிட்டு, பிக்ஷைக்குப் போகிறான். வீட்டுக்காரி கணவனைக் கவனித்துவிட்டு வருவதற்குத் தாமதமாகிறது. இவன் முறைக்கிறான். "நான் கொக்கு இல்லை ஸ்வாமி" என்கிற பாவனையில் பதில் சொல்லி, தர்மம் தெரிந்துகொள்ள மிதிலையில் மாமிசம் விற்கிறவரிடம் போகச் சொல்கிறாள். இந்தக் கதையை நான் இளம் வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். கௌசிகன் நான்தான் என்று அறுபத்தாறு வயசில்தான் தெரிந்தது.

கடைசியாக, எங்கள் அகத்தில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உபயோகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வேலை யாருடையது என்று பேசிப் பிரித்துக்கொண்டோம். பாத்திரம், துணி, வாசல் கோலம் என்னுடையவை. "உதவி செய்கிறேன்" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். என் வேலைக்கு நான் யாருக்கு உதவுவது?

2. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எல்லை. ஒரு ஸ்தோத்திரம், ஒரு கச்சேரி உருப்படி, அல்லது பேரனோடு ஒரு போன் பேச்சு முடியும் வரை.

3. தனியாகச் செய்தால் மலைப்பாகத் தோன்றும் வேலையைக் கூடிச் செய்வது. வடாம் போடுவது, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவது, கொலுப்படி கட்டுவது. இந்த வருஷம் எங்கள் ஃப்ளாட்டில் நாலு குடும்பம் சேர்ந்து மொட்டை மாடியில் வடாம் பிழிந்தோம். அச்சை அழுத்தியது நாலு கிழவர்கள்!

4. பழகிப் போன வேலையில் கொஞ்சம் புதுசு சேர்ப்பது. வாரம் ஒரு புதுக் கோலம், மாசம் ஒரு புது ரசம்.

5. எதில் ஆனந்தமே வரவில்லையோ அதை மிஷினிடம் விடுவது. கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லுக்காக யாரும் ஏங்க வேண்டாம். பாட்டை வைத்துக்கொள்வோம், கல்லை விட்டுவிடுவோம்.

6. சாப்பிட்டு எழுந்திருக்குமுன் சமைத்தவரிடம் ஒரு நல்ல வார்த்தை.

அவள் மணிக்கட்டில் பழைய பலம் இன்னும் முழுசாக வரவில்லை. ஈர வேஷ்டி பிழிய முடியாது. அது நிரந்தரமாக என் இலாகா. ஆனால் சாயங்கால வேளையில் அவளுக்கு இப்போது ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. விட்டுப்போன பாட்டு கிளாஸில் மறுபடியும் சேர்ந்திருக்கிறாள். நான் பாத்திரம் தேய்க்கும்போது கூடத்தில் உட்கார்ந்து சாதகம் செய்கிறாள். இப்போது பாட்டு எனக்கு நன்றாகக் கேட்கிறது.

வந்திருக்கும் க்ருஹஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் பந்தி இலை எடுக்கவும், அண்டா கழுவவும் ஆண்கள் பத்துப் பேர் தேவை என்று சமையல்கட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் பெயரை முதலில் கொடுத்துவிட்டேன். பாக்கி ஒன்பது பேர் கை தூக்கலாம். மாமிகள் உட்கார்ந்து விடுகதை போடட்டும்.